ஆங்கிலம்–ஸ்பானிஷ் வீட்டு ஸ்டிக்கர்கள்: வாங்கலாமா?

வீட்டுச் சாமான்கள் மேல் ஒட்டிக்கொள்ளும் ஆங்கிலம்–ஸ்பானிஷ் ஸ்டிக்கர் செட் ஒன்று வாங்கினேன். ஒவ்வொரு ஸ்டிக்கரிலும் மேலே சின்னதாக ஆங்கிலச் சொல், கீழே பெரிய எழுத்தில் ஸ்பானிஷ் சொல், ஓரத்தில் ஒரு குட்டிப் படம். அட்டையில் உள்ள க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் ஒரு ஆப் இறங்குகிறது, அது ஒவ்வொரு சொல்லையும் உச்சரித்துக் காட்டுகிறது. யார் தயாரித்தது என்று சொல்லப் போவதில்லை. இதே மாதிரி செட்டுகள் ஏகப்பட்டது இருக்கின்றன, எதை வாங்கினாலும் கீழே சொல்லியிருப்பதை ஒருமுறை பார்த்துவிட்டு வாங்குங்கள், அதுதான் இதை எழுதுவதற்குக் காரணம்.

அவசரக்காரர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு இரண்டரை. ஸ்பானிஷில் ஒன்றுமே தெரியாமல் ஆரம்பிக்கிறவருக்குப் பாதி உருப்படி, மீதிப் பாதி கெடுதல். எந்தப் பாதி எது என்று ஆரம்பிக்கிறவருக்குத் தெரியாது என்பதுதான் சிக்கலே.

உருப்படியான பாதியைப் பார்ப்போம். மேசா, சீயா, புவெர்த்தா, வென்தானா, காமா. மேசை, நாற்காலி, கதவு, ஜன்னல், கட்டில். இவை எந்த ஸ்பானிஷ் நாட்டுக்குப் போனாலும் மாறாது. குச்சாரா, குச்சீயோ, தெனெதோர் என்று கரண்டி, கத்தி, முள்கரண்டியும் அப்படியே. துடைப்பம் எஸ்கோபா, முகம் பார்க்கும் கண்ணாடி எஸ்பேஹோ, தலையணை அல்மோஆதா. இந்த அல்மோஆதா அரபியிலிருந்து வந்தது, கன்னம் என்று பொருள்படும் அரபுச் சொல்லை அடியாகக் கொண்டது, தலையணைக்கு அதைவிடப் பொருத்தமாக என்ன பெயர் வைக்க முடியும். ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருக்கும் ஐபீரியத் தீபகற்பத்தில் அரபி பல நூற்றாண்டுகள் பேசப்பட்டதால் வீட்டுக்குள் இப்படி நிறையச் சொற்கள் தங்கிவிட்டன, குடிக்கிற கோப்பையான தாசா, தண்ணீர் ஊற்றும் ஜாடியான ஹர்ரா எல்லாம் அந்த வழிதான். இந்த அடிப்படைச் சொற்கள் எல்லாவற்றையும் செட் சரியாகவே கொடுத்திருக்கிறது. படங்களும் தெளிவு. இதற்கு மட்டும் என்றால் நான்கு கொடுத்திருப்பேன்.

தமிழ்க்காரர்களுக்கு இதில் ஒரு கூடுதல் வசதி இருக்கிறது, அதை இந்த மாதிரி செட் தயாரிக்கிறவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. நாம் ஸ்பானிஷுக்கு ஆங்கிலம் வழியாகப் போகத் தேவையே இல்லாத இடங்கள் சில உண்டு. மேசை, அலமாரி, சாவி, துவாலை எல்லாம் போர்த்துக்கீசியரிடமிருந்து தமிழுக்கு வந்தவை, போர்த்துக்கீசியமும் ஸ்பானிஷும் அக்கா தங்கை. அதனால் மேசைக்கு மேசா, அலமாரிக்கு அர்மாரியோ, துவாலைக்கு தோஆயா. சாவியின் மூலமான போர்த்துக்கீசியச் சொல்லும் ஸ்பானிஷின் யாவேயும் ஒரே லத்தீன் சொல்லின் பிள்ளைகள், பார்த்தால் தெரியாது, அவ்வளவுதான். ஜன்னல் மட்டும் கைவிட்டுவிடும், ஸ்பானிஷ்காரர்கள் அதற்கு வேறு சொல் வைத்திருக்கிறார்கள். ஸ்டிக்கரில் மேலே இருக்கும் ஆங்கிலச் சொல்லைக் கறுப்பு மை போட்டு அடித்துவிட்டுப் பாருங்கள், இந்தச் சொற்கள் இன்னும் வேகமாக மனதில் உட்காரும்.

சரி, இனி வசவு.

பெரிய குறை முதலில். எந்த ஸ்டிக்கரிலும் எல், லா கிடையாது. ஸ்பானிஷில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் பால் உண்டு, ஆண்பால் என்றால் முன்னால் எல், பெண்பால் என்றால் லா. லா மேசா, எல் எஸ்பேஹோ. ஓவில் முடிந்தால் ஆண், ஆவில் முடிந்தால் பெண் என்று ஓரளவுக்கு ஊகிக்கலாம், ஆனால் தெனெதோர், யாவே, ரெலோஹ் மாதிரி சொற்களை என்ன செய்வது? முள்கரண்டி ஆண், சாவி பெண், கடிகாரம் ஆண். பெயரடையும் அந்தப் பாலுக்கு ஏற்ப மாறும் என்பதால் பெயரைத் தனியாக மனப்பாடம் செய்தவர் முதல் வாக்கியத்திலேயே தடுக்கி விழுவார். எல், லா போட ஸ்டிக்கரில் இடம் இல்லையா என்றால் தாராளமாக இருக்கிறது, மூலையில் ஒரு பூ வரைந்து வைத்திருக்கிறார்கள்.

இதிலும் ஒரு வேடிக்கை. வாணலி மாதிரியான சட்டிக்கு சர்த்தேன் என்று பெயர். ஸ்பெயினில் அது பெண்பால், லா சர்த்தேன். லத்தீன் அமெரிக்காவின் பல இடங்களில் எல் சர்த்தேன் என்று ஆணாகிவிடுகிறது. ரேடியோவும் அப்படித்தான், ஸ்பெயினிலும் அர்ஜென்டினாவிலும் லா ராதியோ, மெக்சிகோவில் எல் ராதியோ. இரண்டும் சரி. இப்படி இருக்கும்போது எல், லாவையே விட்டுவிட்டால் வம்பில்லை என்று தயாரிப்பாளர் நினைத்திருக்கலாம். வம்பு அவருக்கு இல்லை, நமக்கு.

அடுத்தது, ஆங்கிலச் சொல்லை யாரோ பொருளைப் பார்க்காமல் வெறும் சொல்லாக மெஷினில் கொடுத்து எடுத்திருக்கிறார்கள். இஸ்திரிப் பெட்டியின் படம் போட்டு கீழே இயெர்ரோ என்று அச்சடித்திருக்கிறது. இயெர்ரோ என்றால் இரும்பு, உலோகம். துணி தேய்க்கிறது ப்ளான்ச்சா. ஆங்கிலத்தில் அயர்ன் என்ற ஒரே சொல் இரண்டுக்கும் வருவதால் வந்த வினை. கிளாஸும் அதே கதை: தண்ணீர் குடிக்கும் கிளாஸ் படத்துக்குக் கீழே வித்ரியோ, அதாவது கண்ணாடி என்ற பொருளின் பெயர். குடிக்கிற டம்ளர் வாசோ, காம்பு வைத்த ஒயின் கிளாஸ் கோபா, மூக்குக் கண்ணாடி ஸ்பெயினில் காஃபாஸ், மெக்சிகோவில் லென்தெஸ், அர்ஜென்டினாவில் அன்தெயோஹோஸ். தீப்பெட்டி படத்துக்குக் கீழே பார்த்தீதோ. அது கால்பந்து மேட்ச்! சத்தியமாகச் சொல்கிறேன், சிரித்துவிட்டேன். தீக்குச்சி ஸ்பெயினில் செரீயா, மெக்சிகோவில் செரீயோ, தென் அமெரிக்காவில் பெரும்பாலும் ஃபோஸ்ஃபோரோ.

மின்விசிறிக்கு அபனீகோ என்று இருந்ததைப் பார்த்து முதலில் தப்பு என்று குறித்துவைத்தேன், ஏனென்றால் அபனீகோ என்பது பொதுவாகக் கையில் வைத்து விசிறுவது, மின்சாரத்தில் சுற்றுவது வென்திலாதோர். ஆனால் புவெர்த்தோ ரீக்கோ, டொமினிக்கன் குடியரசு, வட மெக்சிகோ பக்கமெல்லாம் மின்விசிறியையும் அபனீகோ என்றே சொல்கிறார்கள். ஆக இது தப்பா சரியா என்றால், யாரிடம் பேசப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அங்கேதான் இந்தச் செட்டின் உண்மையான ஓட்டை இருக்கிறது.

அட்டையில் ஸ்பானிஷ் என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். எந்த நாட்டு ஸ்பானிஷ்? இருபது நாடுகளில் அது அரசாங்க மொழி, புவெர்த்தோ ரீக்கோவையும் சேர்த்தால் இன்னும் ஒன்று. தத்துவமோ அரசியலோ பேசினால் அவ்வளவு வித்தியாசம் தெரியாது, எழுத்து ஸ்பானிஷ் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். சமையலறைக்குள் நுழைந்தால் ஆளுக்கு ஒரு பெயர். தினம் கையில் எடுக்கிற சாமானுக்குத்தான் ஊருக்கு ஊர் பெயர் மாறும், எல்லா மொழியிலும் அப்படித்தான், ஸ்பானிஷ் பேசும் ஊர்கள் ஒரு பெருங்கடலின் இரண்டு கரையிலும் பரவியிருப்பதால் அங்கே அது கொஞ்சம் அதிகம்.

ஃப்ரிட்ஜையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினில் நெவேரா அல்லது ஃப்ரிகோரிஃபிகோ, மெக்சிகோவிலும் சிலியிலும் ரெஃப்ரிஹெராதோர், பெருவில் அதையே பெண்பாலாக்கி ரெஃப்ரிஹெராதோரா, கொலம்பியாவில் நெவேரா, அர்ஜென்டினாவில் எலாதேரா. இதில் எதைச் சொன்னாலும் கேட்கிறவர் எப்படியோ புரிந்துகொள்வார், பரவாயில்லை.

ஸ்ட்ரா விஷயத்தில் அந்த உத்தரவாதம் கிடையாது. ஜூஸ் குடிக்கிற சாதாரண உறிஞ்சுகுழல்தான். ஸ்பெயினில் பாஹீத்தா, மெக்சிகோவில் போபோத்தே, கொலம்பியாவில் பித்தீயோ, பெருவில் சொர்பேத்தே, கோஸ்தா ரிக்காவில் பாஹீயா, டொமினிக்கன் குடியரசில் கலிமேத்தே, சிலியில் பொம்பீயா. பெரும்பாலும் ஒன்றுக்கொன்று ஒட்டே இல்லை. பித்தீயோ என்று ஸ்பெயினில் கேட்டால் சிகரெட் என்று நினைப்பார்கள். நம் ஸ்டிக்கர் செட் இதற்கு என்ன கொடுத்திருக்கிறது தெரியுமா? பாஹா. வைக்கோல்! வைக்கோலாக மட்டும் இருந்தாலாவது போகட்டும், பல நாடுகளில் அந்தச் சொல்லுக்கு வெளியில் சொல்லக்கூடாத ஒரு கொச்சை அர்த்தம் இருக்கிறது, குழந்தைகள் படிக்கும் அறையில் ஒட்டுவதற்கு என்று விற்கிற செட்டில் அதை எப்படி விட்டார்களோ.

அந்த பொம்பீயாவை இன்னும் கொஞ்சம் துரத்தலாம். ஸ்பெயினில் அது மின்விளக்குப் பல்பு. சிலியில் ஸ்ட்ரா. அர்ஜென்டினாவில் மாத்தே என்ற பானத்தை உறிஞ்சும் உலோகக் குழல். அப்படியானால் அர்ஜென்டினாவில் பல்புக்கு என்ன? லம்பரீத்தா. சிலியில் அம்போயேத்தா, மெக்சிகோவிலும் பெருவிலும் ஃபோகோ, கொலம்பியாவில் கடைசி எழுத்தை மட்டும் மாற்றி பொம்பீயோ. நம் செட்டில் பல்புக்கு பொம்பீயா, அதாவது ஸ்பெயின். ஃப்ரிட்ஜுக்கு எலாதேரா, அதாவது அர்ஜென்டினா. பக்கெட்டுக்கு குபேத்தா, அது மெக்சிகோ. போர்வைக்கு ஃப்ரசாதா, தெற்கே திரும்பப் போய்விட்டது. ஒரே வீட்டுக்குள் நான்கு நாட்டுக்காரர்கள் குடியிருக்கிற மாதிரி. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் சரிதான், ஆனால் இப்படி எல்லாவற்றையும் சேர்த்துப் பேசுகிற மனிதர் உலகத்தில் எங்கேயும் கிடையாது.

வெறும் அழகுப் பிரச்சினை இல்லை இது. எஸ்துஃபா என்று ஒரு ஸ்டிக்கர், படத்தில் அடுப்பு. மெக்சிகோவிலும் கொலம்பியாவிலும் அது அடுப்புதான். ஸ்பெயினிலும் அர்ஜென்டினாவிலும் எஸ்துஃபா என்றால் குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும் ஹீட்டர். வாடகைக்கு வீடு தேடுகிறவர் எஸ்துஃபா இருக்கிறதா என்று கேட்டு, இருக்கிறது என்று பதிலும் வாங்கிக்கொண்டு, குடிபோன பிறகுதான் சமைக்க ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். ஸ்பெயினில் அடுப்புக்குக் கொசீனா, சமையலறைக்கும் அதே கொசீனாதான், பேச்சின் போக்கில் புரிந்துகொள்ள வேண்டும். ரெகாதேரா மெக்சிகோவில் குளிக்கிற ஷவர், ஸ்பெயினில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பூவாளி. லவாப்ளாதோஸ் கொலம்பியாவிலும் சிலியிலும் பாத்திரம் கழுவும் தொட்டி, ஸ்பெயினில் பாத்திரம் கழுவும் மெஷின். தண்ணீர்க் குழாய்க்குச் செட் கொடுக்கும் க்ரீஃபோ ஸ்பெயினில் குழாய்தான், பெருவில் பெட்ரோல் பங்க். அங்கே குழாய்க்கு கான்யோ, அர்ஜென்டினாவில் கனீயா, மெக்சிகோவில் யாவே. யாவே என்றால் சாவி ஆயிற்றே என்றால், ஆமாம், சாவியும்தான், ஸ்பானரும்தான்.

எந்த நாட்டு வழக்கு இது என்று விற்பவருக்கு எழுதிக் கேட்டேன். எல்லா நாட்டுக்கும் பொதுவான ஸ்பானிஷ் என்று பதில் வந்தது. மேசைக்கும் நாற்காலிக்கும் சரி. மற்றதுக்கு அப்படி ஒன்று இல்லை, இருந்தால் நானே இன்னும் இரண்டு செட் வாங்கியிருப்பேன்.

ஆப்பின் குரல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தெளிவாக, நிதானமாகச் சொல்கிறது, ஆனால் ஸ்பெயின் உச்சரிப்பு. தாசா என்று லத்தீன் அமெரிக்கர் சொல்லும் கோப்பையில் வரும் ச, ஸ்பெயினின் பெரும்பகுதியில் நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்லும் ஒலியாகிவிடும். குபேத்தா என்ற மெக்சிகோச் சொல்லை மாட்ரிட் குரலில் கேட்டுப் பழகி என்ன செய்ய. அர்ஜென்டினாவின் புவேனஸ் ஐரிஸ் பக்கம் போனால் யாவே ஷாவே ஆகிவிடும், அது இந்த ஆப்புக்குத் தெரியவே தெரியாது. நமக்கு ஒரு ஆறுதல், ஸ்பானிஷ் த தமிழ்த் த மாதிரி பல்லைத் தொட்டுச் சொல்வது, ஆங்கிலக்காரர்கள் ட போட்டுத் திணறுகிற இடத்தில் நாம் சும்மா கடந்துவிடலாம்.

செட்டில் எனக்கு உண்மையிலேயே பிடித்த ஒரு பக்கம் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் பாவம். கடைசி ஷீட்டில் அப்ரெலாத்தாஸ், சகாகோர்ச்சோஸ், பராகுவாஸ், கோர்த்தாஊன்யாஸ் என்று ஒரு கூட்டம். டின் திறப்பான், கார்க் எடுப்பான், குடை, நகவெட்டி. ஒரு வினை, அதன் பின்னால் ஒரு பன்மைப் பெயர், சேர்த்து ஒட்டினால் கருவியின் பெயர் தயார். அப்ரே என்றால் திற, லாத்தாஸ் என்றால் டின்கள். பாரா என்றால் தடு, ஆகுவாஸ் என்றால் தண்ணீர்கள். இந்த ரகச் சொற்கள் எல்லாம் ஆண்பால், ஒன்றானாலும் பத்தானாலும் வடிவம் மாறாது, எல் பராகுவாஸ், லோஸ் பராகுவாஸ். பெரும்பாலானவை நாட்டுக்கு நாடு மாறவும் மாறாது, லவாப்ளாதோஸ் மாதிரி ஒன்றிரண்டுதான் தகராறு. இந்த ஒரு சூத்திரத்தை ஸ்டிக்கருக்குப் பின்னால் இரண்டு வரியில் சொல்லியிருந்தால் நூறு சொல் மனப்பாடம் செய்வதற்குச் சமம். சொல்லவில்லை. பூ வரையத்தான் நேரம் இருந்திருக்கிறது.

இந்தச் செட் கையில் இருக்கிறவர்கள் தூக்கிப் போட வேண்டாம், சரிபார்த்துக்கொண்டு பயன்படுத்தலாம். 1713இல் தொடங்கிய ஸ்பானிஷ் அரச அகாதமியின் அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, அதில் ஒரு சொல்லைப் போட்டால் எந்த அர்த்தம் எந்த நாட்டில் என்று அர்த்தத்துக்கு முன்னால் நாட்டின் சுருக்கப் பெயரைப் போட்டிருப்பார்கள். எஸ்துஃபாவைத் தேடிப் பாருங்கள், நான் சொன்ன குழப்பம் வரிசையாக இருக்கும். விளக்கம் முழுக்க ஸ்பானிஷில்தான் என்பதால் ஆரம்பத்தில் கொஞ்சம் மலைப்பாக இருக்கும், ஆனால் வீட்டுச் சாமான்களுக்கு வரும் விளக்கம் சின்னது, சமாளித்துவிடலாம். லத்தீன் அமெரிக்க வழக்குகளுக்கென்றே ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் மொழி அகாதமிகள் எல்லாம் சேர்ந்து 2010இல் ஒரு தனி அகராதி வெளியிட்டார்கள், அதுவும் இணையத்தில் இருக்கிறது, ஸ்ட்ராவுக்கு இத்தனை பெயரா என்று வியந்துகொண்டே உட்கார அது நல்ல இடம். ஆங்கிலத்திலிருந்து நேராகப் போக வேண்டும் என்றால் வேர்டுரெஃபரன்ஸ் என்ற இணைய அகராதி. 1999 முதல் இருக்கிறது, எந்த அர்த்தத்துக்கு எந்தச் சொல் என்று பிரித்துக் காட்டும், நாட்டையும் குறிக்கும், அயர்ன் என்று தேடினால் இரும்பும் இஸ்திரிப் பெட்டியும் தனித்தனி வரிசையில் நிற்கும். மெஷின் மொழிபெயர்ப்பில் போட்டே ஆக வேண்டும் என்றால் ஒற்றைச் சொல்லாகப் போடாதீர்கள், சட்டை தேய்க்க எனக்கு ஒரு அயர்ன் வேண்டும் என்று முழு வாக்கியமாகப் போடுங்கள், பாதித் தப்பு அங்கேயே ஓடிவிடும். எனக்கு எல்லாவற்றையும் விடக் கைகொடுத்தது படத் தேடல்தான்: ஸ்பானிஷ் சொல்லையும் நாட்டின் பெயரையும் சேர்த்துத் தேடினால் வருகிற படத்திலேயே அடுப்பா ஹீட்டரா என்று தெரிந்துவிடும்.

ஆனால் இத்தனையும் செய்வதற்கு முன்னால் ஒரு நாட்டை முடிவு செய்துகொள்ளுங்கள். யாரோடு பேசப் போகிறீர்கள், எங்கே வேலை, எந்த நாட்டு சீரியல் பார்க்கிறீர்கள், எதுவாக இருந்தாலும் சரி. ஒரு குறிப்பும் இல்லை என்றால் மெக்சிகோ, ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் அதிகம் இருக்கிற நாடு அதுதான். முடிவு செய்த பிறகு அந்த நாட்டுச் சொல்லை மட்டும் ஸ்டிக்கரில் வைத்துக்கொண்டு மற்ற நாட்டுச் சொற்களை ஒரு நோட்டில் ஓரமாக எழுதிவைத்தால் போதும், அவை காதில் விழும்போது புரிந்தால் சரி, நம் வாயில் வரத் தேவையில்லை.

பொருளின் தரம் பற்றி யாராவது கேட்பீர்கள். காகிதம் தடிமனானது, மை தண்ணீரில் கரையவில்லை, குழாய்க்குப் பக்கத்தில் ஒட்டியதுகூட அப்படியே இருக்கிறது. உரிக்கும்போது உலோகத்திலும் கண்ணாடியிலும் சுத்தமாக வந்துவிடுகிறது, மரத்தில் மட்டும் பசை தங்குகிறது, பாலிஷ் போட்ட சாமான் மேல் ஒட்டாதீர்கள். எழுத்து கொஞ்சம் தள்ளி நின்றாலும் படிக்கிற அளவு. ஆங்கிலச் சொல்லை இன்னும் சின்னதாகப் போட்டிருக்கலாம், கண் முதலில் அங்கேதான் போகிறது.

இனி வாங்கப் போகிறவர்கள் அட்டையில் மூன்று விஷயம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்: நாட்டின் பெயர், ஒவ்வொரு சொல்லுக்கும் எல் அல்லது லா, அப்புறம் எழுதப்படாத வெற்று ஸ்டிக்கர்கள் கொஞ்சம். எங்கள் செட்டில் முதல் இரண்டும் இல்லை, மூன்றாவது ஒரு முழு ஷீட் இருந்தது. இஸ்திரிப் பெட்டியிலும் தீப்பெட்டியிலும் இப்போது இருப்பது அந்த ஷீட்டிலிருந்து எடுத்து நான் பேனாவால் எழுதி ஒட்டியவைதான், அரை மதிப்பெண் அதற்காகத்தான் கொடுத்தேன்.